நெமோ யாரென்று தெரியாதவரை நன்றாகத்தான் இருந்தது

3 மே, இரவு

ஜூல்ஸ் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலை முழுப் பதிப்பில், பக்கம் தள்ளாமல் படித்து முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பள்ளிக்கூட நூலகத்துச் சுருக்கப் பதிப்பு கணக்கில் வராது. படம் பார்த்ததும் வராது.

நான் இப்போதுதான் முடித்தேன். என் தீர்ப்பு: பாதி அபாரம், பாதி அறுவை. சிக்கல் என்னவென்றால் இரண்டும் தனித்தனியாக இல்லை. ஒரு பக்கத்தில் முடி சிலிர்க்கிறது, அடுத்த நான்கு பக்கம் மீன் பெயர்கள். சாகச நாவல் என்று சொல்லித்தான் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் கொடுக்கிறார்கள். சாகசம் என்று எண்ணிப் பார்த்தால் காட்சிகள் சொற்பம். மிச்சம் முழுக்க அருங்காட்சியகத்தில் வழிகாட்டியோடு நடப்பதுதான்.

உங்களுக்கு எப்படி?

3 மே, கொஞ்ச நேரம் கழித்து

இருபதாயிரம் லீக் ஆழத்துக்கு எந்தக் கப்பலும் போகாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆழம் இல்லை சார், தூரம். கடலுக்குள் இருந்தபடி பயணம் செய்த தூரம். வெர்ன் கணக்கில் ஒரு லீக் நான்கு கிலோமீட்டர். ஆக 80,000 கிலோமீட்டர், பூமியை ஏறக்குறைய இரண்டு சுற்று.

ஆழ விஷயத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. கதை நடக்கும் நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸை (அதன் கேப்டன்தான் நெமோ) 16,000 மீட்டர் வரை இறக்குகிறார். நிஜக் கடலில் மிக ஆழமான இடமே சுமார் 11,000 மீட்டர்தான். மீதி 5,000 மீட்டரை வெர்னே தோண்டியிருக்கிறார்.

4 மே

மீன் பட்டியலைப் பற்றி நிறையப் பேர் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். சரி, விளக்குகிறேன்.

கதை சொல்பவர் அரோனாக்ஸ், பாரிஸ் அருங்காட்சியகப் பேராசிரியர். கூட அவருடைய வேலையாள் கான்சீல். இந்தக் கான்சீலுக்கு வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரே நீந்தும் மீன் எது என்று கேட்டால் தெரியாது. மூன்றாவது ஆள் நெட் லேண்ட், கனடாக்காரன், திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறிபவன். அவனுக்கு மீன்களில் இரண்டே வகை: தின்னக்கூடியது, தின்னக்கூடாதது. இந்த மூன்று பேரும் கண்ணாடிச் சன்னல் முன்னால் நின்று பேசும் இடம் உண்மையிலேயே சிரிப்பு. அங்கே பட்டியல் கதையோடு ஓடுகிறது.

ஆனால் அதையே பசிபிக்கில் ஒரு தடவை, இந்தியப் பெருங்கடலில் ஒரு தடவை, செங்கடலில் ஒரு தடவை, மத்தியதரைக் கடலில் ஒரு தடவை என்று செய்தால்? கல்யாணம் முடிந்த ராத்திரி மொய் நோட்டைச் சத்தமாக வாசிப்பார்களே, அப்படி இருக்கிறது. வாசிப்பவருக்கு ஒவ்வொரு பெயரும் முக்கியம். கேட்பவருக்குத் தூக்கம்.

1869 மார்ச்சிலிருந்து 1870 ஜூன் வரை பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. பத்திரிகையின் பெயரிலேயே 'கல்வி', 'பொழுதுபோக்கு' இரண்டும் இருந்தன. பதிப்பாளர் ஹெட்ஸலுக்கு வீட்டுப் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கல்விப் பங்கைத்தான் இன்று நாம் புரட்டித் தள்ளுகிறோம். கேமரா இல்லாத காலத்தில் கடலடியைக் காட்ட வேறு வழி இல்லை என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நியாயம். அதனால்தான் முழு அறுவை என்று சொல்லாமல் பாதி என்கிறேன்.

5 மே

"நீர்மூழ்கிக் கப்பலை வெர்ன் முன்கூட்டியே கண்டுபிடித்தார்" என்று நான்கு பேராவது எழுதிவிட்டீர்கள். போதும்.

ஃபுல்டன் என்ற அமெரிக்கர் 1800-லேயே பிரான்சில் ஒரு நீர்மூழ்கியைக் கட்டி ஓட்டிக் காட்டினார். அதன் பெயரே நாட்டிலஸ். பிரெஞ்சுக் கடற்படை 1863-ல் 'ப்ளாஞ்சர்' என்ற ஒன்றை நீரில் இறக்கியது. 1867 பாரிஸ் பொருட்காட்சியில் அதன் மாதிரியை வைத்திருந்தார்கள், வெர்ன் அந்தப் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864 பிப்ரவரியிலேயே 'ஹன்லி' ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்து, தானும் மூழ்கிவிட்டது. கதையின் முதல் வரி தொடங்குவதோ 1866-ல்.

வெர்ன் செய்தது வேறு. உள்ளே இருக்கிறவன் மூச்சு முட்டிச் சாகிற இரும்புக் குழாயாகத்தான் அன்றைய நீர்மூழ்கி இருந்தது. அதை அவர் குடியிருக்கும் வீடாக்கினார். 70 மீட்டர் நீளம், எல்லாம் மின்சாரம், 12,000 புத்தகம் உள்ள நூலகம், ஓவியங்கள், ராத்திரி தனியாக உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆர்கன். எனக்கு அந்த நூலகத்தின் மேல்தான் கண். அங்கே அரசியல் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம்கூடக் கிடையாது என்று அரோனாக்ஸ் கவனிக்கிறார். கொடுத்துவைத்த நூலகம்.

5 மே, மறுபடியும்

ராட்சதக் கணவாய்ச் சண்டை பற்றிக் கேட்டவருக்கு: படத்தில் வருவது ஒன்று. புத்தகத்தில் ஒரு கூட்டமே வருகிறது. 1861-ல் 'அலெக்டன்' என்ற பிரெஞ்சுக் கப்பல் டெனெரிஃப் பக்கம் ஒரு பெரிய கணவாயைக் கண்டு, கயிறு போட்டு இழுத்து, வால் துண்டு மட்டும் கையில் மிஞ்சியது. அந்த நிஜச் செய்தி நாவலிலேயே பேசப்படுகிறது.

ஆனால் அந்த அத்தியாயத்தில் என்னை உலுக்கியது கணவாய் இல்லை. நாட்டிலஸ் மாலுமிகள் தங்களுக்குள் யாருக்கும் புரியாத ஒரு மொழியில்தான் பேசுவார்கள். கணவாய் ஒருவனைச் சுருட்டித் தூக்கும்போது, அவன் சாகிற நேரத்தில் பிரெஞ்சில் "காப்பாற்றுங்கள்" என்று கத்துகிறான். இத்தனை மாதம் பக்கத்திலேயே தன் ஊர்க்காரன் ஒருவன் இருந்திருக்கிறான் என்று அரோனாக்ஸுக்கு அப்போதுதான் தெரிகிறது. நாவலில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்த இடங்களில் இது ஒன்று.

7 மே

அப்படிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்த இன்னொரு இடம் மன்னார் வளைகுடா. இதற்கு நேரம் எடுத்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1868 ஜனவரி இறுதி. நாட்டிலஸ் வங்கக் கடல் வாயில் கங்கை அடித்து வந்த பிணங்களைக் கடந்து இலங்கைப் பக்கம் வருகிறது. முத்துப் பார்களை, அதாவது கடலடியில் முத்துச் சிப்பி விளையும் திட்டுகளை, பார்க்கலாமா என்று நெமோ கேட்கிறான். அரோனாக்ஸ் நூலகத்தில் சர் என்பவர் எழுதிய இலங்கைப் புத்தகத்தை எடுத்து வாசித்துத் தயாராகிறார் (சர் என்பது ஆசிரியரின் பெயர், நிஜமாக இருந்த ஆள், பட்டம் இல்லை). பிறகு நெமோ முத்துக்குளிப்பு நடக்கும் விதத்தைச் சொல்கிறான்: ஒரு படகில் பத்துத் தண்டுவலிப்பவர், பத்துக் குளியாளர். காலிடுக்கில் கல்லை வைத்துக்கொண்டு கயிற்றோடு இறங்குவது. மூச்சுப் பிடிப்பது சராசரி முப்பது நொடி. சீக்கிரம் கிழடுதட்டும் உடம்பு, மங்கும் கண். சிப்பியில் முத்து இருந்தால் ஒரு காசு. பேராசிரியர் "அநியாயம்" என்கிறார்.

மறுநாள் நீருக்கடியில் அவர்கள் ஒரு தனி ஆளைப் பார்க்கிறார்கள். பருவத்துக்கு முன்பே வந்துவிட்ட ஏழை. இறங்குகிறான், சில சிப்பிகளைப் பிய்க்கிறான், ஏறுகிறான், மறுபடி இறங்குகிறான். வெர்ன் அவசரப்படவே இல்லை. இங்கே பட்டியல் கிடையாது, லத்தீன் கிடையாது, ஒரு மனிதன் வேலை செய்வதை இன்னொருவன் பார்க்கிறான், அவ்வளவுதான். அப்புறம் சுறா. நெமோ கத்தியோடு பாய்கிறான். கடைசியில் நெட் லேண்டின் ஈட்டிதான் நெமோவையே காப்பாற்றுகிறது. மேலே படகில் அந்த ஆள் கண் திறந்தால் அவன்மேல் நான்கு பெரிய செப்புத் தலைகள் (நீருக்குள் இறங்கப் போட்ட கவசத் தொப்பிகள்) குனிந்திருக்கின்றன. நெமோ ஒரு பை முத்தை எடுத்து அவன் கையில் வைக்கிறான்.

திரும்பியதும் அரோனாக்ஸ், நீங்கள் மனிதர்களை அடியோடு வெறுத்துவிடவில்லை போலிருக்கிறதே என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். அதற்கு நெமோ, அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டுக்காரன், நானும் இன்னும் அந்த நாட்டுக்காரன்தான், கடைசி மூச்சுவரை அப்படித்தான் என்கிறான்.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சாகச நாவல்களில் நம் பக்கத்து ஆள் வந்தால் என்ன வேலை கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மூட்டை தூக்குவான், பயந்து ஓடுவான், அல்லது விஷம் வைப்பான். இங்கே அவன் தன் வேலையைச் செய்கிறான்.

8 மே

"நடந்தது இலங்கையில், வெர்ன் அவனை இந்தியன் என்கிறார், பிழை" என்று திருத்தியவருக்கு. பிழை இல்லை. மன்னார்ப் பக்கம் சிலாவத்துறையில், மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு அறிவித்தால் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் குளியாளர்கள் படகு படகாக அந்தக் கரைக்குப் போனார்கள். அரபுக் குளியாளர்களும் வந்தார்கள். அந்த ஆள் தமிழ் பேசுபவன் என்று எடுத்துக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. வெர்ன் அவனை ஒரு வார்த்தைகூடப் பேசவிடவில்லை, அது வேறு கதை.

பிழை தேட வேண்டுமென்றால் நான் உதவுகிறேன். ஒன்று, கூலி. 'முத்துக்கு ஒரு காசு' அந்தக் கரையின் வழக்கம் இல்லை. அங்கே பங்கு முறை. எடுத்த சிப்பியில் குளியாளர்களுக்கு ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. அரசுச் சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். குளியாளன் தன் பங்கைத் திறக்காமலே சாயங்காலச் சந்தையில் விற்றுவிடலாம். இரண்டு, அந்தக் கரையில் 1863-க்குப் பிறகு 1874 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை, பார்களில் சிப்பி இல்லை. 1868 ஜனவரியில் வந்தவன் பருவத்துக்கு ஆறு வருடம் முன்னால் வந்திருக்கிறான். மூன்று, கடல்கட்டியைக் காணோம். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் கரையில் இல்லாமல் குளியாளர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. இப்படி ஒரு ஆளை விட்டுவிட்டு எழுத வெர்னுக்கு எப்படி மனசு வந்தது?

8 மே, இரவு

இன்னொன்று தோன்றியது, தூக்கம் போய்விட்டது.

அந்த முத்துப் பை. அவன் அதை என்ன செய்வான்?

யோசித்துப் பாருங்கள். அந்தக் கடல் முழுக்க அரசாங்கத்தின் கணக்கு. முத்துக்குளிப்பு இல்லாத காலத்தில் தனியாகப் பாரில் இறங்கியதே குற்றம். இவன் ஒரு பை நல்ல முத்தோடு கரையேறி எந்தச் செட்டியாரிடம் போய் விற்பான்? எங்கே கிடைத்தது என்று கேட்டால் என்ன சொல்வான்? "செப்புத் தலை வைத்த நாலு பேர் கடலுக்குள்ளிருந்து வந்து கொடுத்தார்கள்" என்றா? நேராகக் காவல்தான். அவனுக்குச் செல்வமும் உயிரும் ஒரே நேரத்தில் கிடைத்ததாக அரோனாக்ஸ் எழுதுகிறார். உயிர் சரி. செல்வம் சந்தேகம்.

நெமோவின் தர்மம் எல்லாமே இப்படித்தான். கிரீட் தீவுக் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பெட்டி நிறையத் தங்கம் அனுப்புகிறான், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கக் கரையேற மாட்டான். கொடுத்துவிட்டுக் கீழே போய்விடுவான். கரையில் நடப்பதைக் கரையில் இருப்பவன்தான் சமாளிக்க வேண்டும்.

10 மே

"நெமோவே இந்தியன்தானே, அதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்களே" என்று பலர். வருகிறேன்.

இந்த நாவலில் அவன் யார் என்றே சொல்லப்படவில்லை. வெர்னின் முதல் எண்ணப்படி அவன் போலந்துப் பிரபு. 1863 கிளர்ச்சியை ரஷ்யா நசுக்கியபோது குடும்பத்தை இழந்தவன். ஹெட்ஸல் ஒத்துக்கொள்ளவில்லை, ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டும். இரண்டு பேரும் கடிதத்தில் மல்லுக்கட்டி, கடைசியில் எந்த நாடும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். வியாபார பயத்தில் பிறந்த மௌனம். அதுதான் இந்த நாவலின் மிகப் பெரிய பலமாக ஆகிவிட்டது. கதை முடிவில் அவன் மூழ்கடிக்கும் போர்க்கப்பல் எந்த நாட்டுடையது என்றுகூட நமக்குத் தெரியாது. சுவரில் ஒரு பெண், இரண்டு குழந்தைகள் உள்ள படம். அதன் முன் மண்டியிட்டு அழுகிறான். போதும்.

பிறகு 1874-75-ல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். நெமோ என்பவன் டக்கார் இளவரசன், மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் மருமகன் முறை. பத்து வயதில் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய், 1849-ல் திரும்பி, 1857 கிளர்ச்சியில் சண்டை போட்டு, குடும்பத்தை இழந்து, கடலுக்குள் போனவன்.

எனக்கும் முதல் தடவை தெரிந்துகொண்டபோது காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது உண்மை. இப்போது இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. மைசூரையும் புந்தேல்கண்டையும் கல்யாண சம்பந்தத்தில் கட்டியது யார்? திப்பு 1799-ல் இறந்துபோனார், இவன் பிறந்ததே அதற்கு இருபது வருடம் கழித்து. ஆண்டுக் கணக்கும் உதைக்கிறது: அரோனாக்ஸின் பயணம் 1868 ஜூனில் முடிகிறது, அதே 1868 அக்டோபரில் நெமோ நரைத்த கிழவனாகச் சாகிறான், நாட்டிலஸ் பயணம் நடந்து பதினாறு வருடம் ஆயிற்று என்கிறார்கள்.

கணக்குகூடப் பரவாயில்லை. மன்னார்க் காட்சிக்கு என்ன ஆகிறது பாருங்கள். நெமோ யாரோ ஒருவனாக இருந்தவரை, 'நானும் அந்த நாட்டுக்காரன்தான்' என்பதில் இருந்த நாடு எந்த வரைபடத்திலும் இல்லாதது. போலந்துக்காரனும் கிரீட்காரனும் மன்னாரில் குளிப்பவனும் அதில் சேர்த்தி. அவன் இந்திய இளவரசன் என்றதும் அது வெறும் ஊர்ப்பாசம் ஆகிவிடுகிறது. அதுவும் ராஜா வீட்டுப் பிள்ளை குடியானவனுக்குக் கொடுத்த இனாம்.

அதனால் நெமோ நம்மவன் என்று கொண்டாடுபவர்களோடு நான் சேரவில்லை. அந்தக் கதையில் நம்மவன் குளியாளன்.

10 மே, பின்குறிப்பு

'மர்மத் தீவு' ஆங்கிலத்தில் முதலில் வந்தபோது டக்காரின் வாழ்க்கைக் கதையில் வெள்ளையர் ஆட்சியைத் திட்டும் பகுதிகளை மாற்றி எழுதிவிட்டார்கள். பழைய ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று படித்துவிட்டு "நெமோ ஒன்றும் அவ்வளவு கோபக்காரன் இல்லையே" என்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஹெட்ஸல் ரஷ்யாவுக்குப் பயந்தார், இவர்கள் சொந்த வாசகனுக்குப் பயந்தார்கள்.

11 மே

இல்லை, நசீருதீன் ஷா நெமோவாக நடித்ததை நான் மறக்கவில்லை. தாடி நன்றாக இருந்தது.

14 மே

நெமோவை நான் ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று ஒரு தம்பி. அப்படியானால் தென் துருவத்துக்கு முந்திய திமிங்கில அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவோம்.

நெட் லேண்ட் ஒரு திமிங்கிலத்தையாவது வேட்டையாட அனுமதி கேட்கிறான். பொழுதுபோக்குக்காகக் கொல்வதா, கூடாது என்று நெமோ பாடம் எடுக்கிறான். அடுத்த நிமிஷம் எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டம் வருகிறது. அவை கொடிய மிருகங்கள், அழிக்க வேண்டியவை என்று சொல்லி, நாட்டிலஸின் மூக்கால் ஒவ்வொன்றையும் கிழித்துப் போடுகிறான். கடல் மைல் கணக்கில் சிவப்பாகிறது. நெட் லேண்டே முகம் சுளித்து, நான் வேட்டைக்காரன், கசாப்புக்காரன் இல்லை என்கிறான்.

எது ஒடுக்கப்பட்டது, எது ஒடுக்குவது என்று தீர்மானிக்கிற உரிமை முழுக்க இவன் கையில். திமிங்கிலத்தில் செய்ததைத்தான் பிறகு மனிதர்கள் நிறைந்த கப்பலிலும் செய்கிறான், அதே மூக்கால். வெர்ன் முதலில் திமிங்கிலத்தைக் காட்டி நம்மைப் பழக்குகிறார் என்று இப்போது படுகிறது. முதல் வாசிப்பில் இது தேவையில்லாத ரத்தக்களறி என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன். அந்தக் குறிப்பை அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

15 மே

மீன் பட்டியலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அரோனாக்ஸ் ஒரு கைதி. சாப்பாடு உண்டு, நூலகம் உண்டு, வெளியே போக முடியாது. நெட் லேண்ட் மட்டும்தான் நாள் தவறாமல் தப்புவதைப் பற்றிப் பேசுகிறான். பேராசிரியரிடம் அவன் அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மழுப்புகிறார். நினைத்துப் பாருங்கள், அவருக்கு அங்கே இருக்கத்தான் ஆசை. சன்னலுக்கு வெளியே இன்னும் பெயர் வைக்காத மீன்கள். பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்வரை தான் கைதி என்பதை யோசிக்க வேண்டாம், வீட்டுக்காரன் கொலைகாரனா என்றும் கேட்க வேண்டாம். கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு அந்த உற்சாகப் பட்டியல் நின்றுவிடுகிறது. கடிகாரங்களையும் நிறுத்திவிடுகிறார்கள், எத்தனை நாள் போயிற்று என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

இது வெர்ன் திட்டம் போட்டுச் செய்ததா, ஹெட்ஸலின் கல்விப் பங்கு தற்செயலாக இப்படி விழுந்ததா? பாதிக்குப் பாதி என்பேன். காரணம் தெரிந்தாலும் செங்கடல் கடற்பஞ்சு வகைகள் பற்றிய பக்கங்கள் அறுவைதான். காரணம் தெரிந்த அறுவை.

17 மே

பன்னிரண்டு வயசுப் பையனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கொடுங்கள். ஆனால் முழுப் பதிப்பையே கொடுத்து, மீன் வரும்போது தள்ளிவிடலாம் என்று முதலிலேயே அனுமதியும் கொடுத்துவிடுங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டாம், அதைச் சுருக்குகிறவர்கள் கணவாயை வைத்துக்கொண்டு குளியாளனை வெட்டிவிடுகிறார்கள். டாரஸ் நீரிணையில் பாப்புவா மக்களைப் பற்றி வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். அரோனாக்ஸ் வாய்க்கு வாய் 'காட்டுமிராண்டிகள்' என்பார், அவர்கள் இல்லாத இடம் எது என்று நெமோ திருப்பிக் கேட்பான். பையன் அங்கே ஏதாவது கேட்பான்.

தென் துருவத்தில் நெமோ கறுப்புக் கொடி நடுவதை நிஜம் என்று நம்பிவிடப் போகிறான், நிஜத்தில் அமுண்ட்சென் 1911 டிசம்பரில்தான் போனார் என்று சொல்லிவையுங்கள். அங்கே கப்பல் போகாது என்பதையும். மற்றபடி 'மர்மத் தீவு' வேண்டுமென்றால் ஒரு வருடம் கழித்து. உடனே கேட்டால் புத்தகக் கடையில் இருப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.